குவைத்துக்கு எடுத்த கோல்

கொழும்பில் தொலைபேசி அருங்காட்சியகம் பார்க்க நானும் அப்பாவும் தங்கச்சியும் போனோம். அம்மா வரவில்லை. பழைய போனைப் பார்க்க யாராவது ரயில் ஏறுவார்களா என்று எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார்.

மேசைமேல் ஒரு கறுப்பு போன். அதன் முன்னால் வந்ததும் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தங்கச்சி சிரித்தாள். எனக்கோ மூக்கில் தேங்காயெண்ணெய் வாசம் ஏறியது. பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம், காசு கட்டி வெளிநாட்டுக்குப் பேசும் ‘கொமினிகேஷன்’ கடைகள் இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கண்ணாடிக் கூண்டு, ஓடுகிற சிவப்பு எண்கள், ரிசீவரில் நமக்கு முன் பேசியவரின் தலையெண்ணெய்.

அம்மா அப்போது குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. செலவை எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம், அவள் வந்துவிடட்டும் என்பதுதான் அப்பாவின் எண்ணம். அம்மாவோடு பேசப் பதுளைக்குப் போன பஸ்ஸில் என்னையே அம்மாவாக வைத்து, “வந்துரு புள்ள” என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்.

ஆனால் அவர் அதுவரை பார்த்த போன் தோட்ட ஆபீசில் இருந்தது ஒன்றுதான். அதில் கிளார்க் ஐயா எழுந்து நின்று, துரையிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார். போனில் அப்படித்தான் பேசவேண்டுமாக்கும் என்று அப்பா நினைத்துவிட்டார். படித்தவன் நானாவது சொல்லியிருக்கலாம். நானும் அன்றுதான் போனைத் தொடுகிறேன். லயத்து வீட்டில் அம்மாவை அதட்டியே கூப்பிடும் மனுஷன், ரிசீவரைக் கையில் வாங்கியதும் விறைப்பாக எழுந்து நின்றார்.

“வணக்கமுங்க. சொகமா இருக்கீங்களா?”

மறுமுனையில், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி அம்மாவின் குரல்: “யாருங்க, ஆபீஸ்லேர்ந்தா? எம்புள்ளைகளுக்கு என்னங்க ஆச்சு?”

“நாந்தாங்க,” என்றார் அப்பா.

அம்மா அழத் தொடங்கிவிட்டார். நாங்கள் உயிரோடிருப்பதை நம்பவைக்கவே நேரமெல்லாம் போயிற்று. அப்பா வியர்த்துப்போய் ரிசீவரை என்னிடம் தள்ளினார். பரீட்சை என்னாச்சு என்று அம்மா கேட்க, கிடைத்துவிட்டது என்றேன். அழுகை நின்றது.

“அப்ப நீ படி தம்பி. நான் இன்னுங் கொஞ்சம் இருந்துட்டே வர்றேன்.”

அப்பா ரிசீவரைப் பிடுங்கி, எதிர்மலைக்குக் கேட்கிற குரலில் “வந்துரு புள்ள” என்றார். லைன் அறுந்திருந்தது. மறுபடி கோல் எடுக்கக் கையில் காசில்லை. அடுத்த வாரத்துக்குள் அம்மா புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கடைகளில் போன் கவரும் சார்ஜரும் விற்கிறார்கள். கூண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. அன்றைக்குக் கடையில் கட்டியது முந்நூற்று நாற்பது ரூபாய். அம்மா வீடு வந்துசேர இரண்டரை வருஷம் ஆயிற்று.