ஐந்தாம் திரையில் தொடங்கிய கதை

வேங்கிக்காலில் இருக்கும் அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் திரௌபதி பதினோரு வருடமாகச் சொல்லிவருவது ஒரே வார்த்தைதான்: "தொடாதீங்க." காலையில் அடி அண்ணாமலையிலிருந்து வந்து, கூடத்தைப் பெருக்கி, நடுவில் நிற்கும் நடுகல்லைத் துணியால் தூசு தட்டிவிட்டு நாற்காலியில் உட்காருவாள். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த ஒருவனுக்கு ஊரார் நட்ட கல் அது. அவள் ஊர்ப் பக்கத்தில் இப்படிப்பட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். பக்கத்தில் பலகை எழுதி வைத்துவிட்டால் மட்டும் சாமி சாமியில்லை என்று ஆகிவிடுமா?

போன மாதம் சென்னையிலிருந்து இனியா என்ற பெண் வந்து, கல்லைச் சுற்றிச் சுவரில் ஐந்து திரைகளை மாட்டினாள். எதிரே ஆள் நின்றால் திரை தானாகவே பேசும். வீரன் பிறந்ததிலிருந்து செத்தது வரை ஐந்து துண்டாகக் கதை. யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதையும் அதுவே குறித்துக்கொள்ளும்.

அந்தக் குறிப்புதான் திரௌபதிக்கு வினையாக வந்தது.

"மாசம் முழுக்க வந்தவங்கள்ல கதைய முழுசா கேட்டது நாலே பேரு," என்றார் காப்பாட்சியர் அன்பரசன். "கூடத்துல இருக்கிறவங்க சரியா வழிகாட்டலைன்னு மேல கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை இனியா வராங்க. உங்க கான்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் வச்சுக்கங்க."

வழிகாட்டவில்லையாமே! வருகிற ஒவ்வொருவரையும் எழுந்து நின்று கைகாட்டி அனுப்புகிறவளைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிட ஜாஸ்தி.

வெள்ளிக்கிழமை இனியா ஒரு மூலையில் நின்று பார்த்தாள். கிரிவலம் முடித்த கையோடு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. திரௌபதி விறுவிறுவென்று எழுந்தாள். "இந்தப் பக்கமா வாங்க. கல்லு உங்க வலது கைப்பக்கம் இருக்கட்டும்."

இனியா ஓடிவந்தாள். "அக்கா, எல்லாரையும் இப்படியா அனுப்பறீங்க?"

"வேற எப்படி மேடம் அனுப்பறது? சாமிய வலமாத்தான சுத்தணும்?"

"முதல் திரை அந்தப் பக்கம் இருக்கு அக்கா. நீங்க அஞ்சாவதுலேர்ந்து அனுப்பறீங்க!"

திரௌபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதமாக வந்தவர்களெல்லாம் எடுத்த எடுப்பில் பிணத்தைப் பார்த்து, அப்புறம் சண்டையைப் பார்த்து, எதுவும் புரியாமல் நடையைக் கட்டியிருக்கிறார்கள். பழியை யார்மேல் போடுவது? அவள் மறைக்கவில்லை.

"தப்பு என்னுதுதான் மேடம். சினிமாவுல முதல்ல சாவக் காட்டிட்டு பிளாஷ்பேக் போவாங்களே, அந்த மாதிரின்னு நெனச்சுட்டேன்."

இனியா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க தப்பு இல்லக்கா. திருவண்ணாமலைக்கு வந்து, இடமா சுத்தற மாதிரி கதைய வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." லேப்டாப்பைத் திறந்து கால்மணி நேரத்தில் வரிசையைத் திருப்பிப்போட்டாள்.

மதியம் வந்தவர்கள் பாதியில் கிளம்பவே இல்லை. இரண்டாவது திரைக்கு எதிரே பிள்ளைகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவது முடிந்ததும் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லுக்கு முன்னால் கைகட்டி நின்றாள். யாரும் கல்லைத் தொடவில்லை. "தொடாதீங்க" என்று சொல்ல வாயெடுத்த திரௌபதி அப்படியே மூடிக்கொண்டாள்.

மூடுகிற நேரத்தில் அன்பரசன் வந்தார். "முக்கால்வாசிப் பேர் கடைசி வரைக்கும் நின்னிருக்காங்க. கதை வலமா போகணும்னு கண்டுபிடிச்சது நீங்கதான்னு இனியா எழுதியே குடுத்துட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு வந்து அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுடுங்க."

அப்பாடா! அவர் போனதும் திரௌபதி கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு மாசமா தினம் தினம் உன்ன மொதல்ல சாகடிச்சு, அப்புறமா பொறக்க வச்சேன் வேடியப்பா," என்றாள். "அதக்கூட மனசுல வச்சுக்காம என் வேலையக் காப்பாத்திக் குடுத்துட்டியே."