ஏழாம் புட்டி

‘மார்ச் 14, வியாழன். காலை 7.10. ஏழாம் எண் புட்டி, மூன்று துளி. விளைவு இல்லை. 7.25, ஐந்து துளி. விளைவு இல்லை. லேசான தலைவலி.’

என் கையெழுத்தில் உள்ள இந்தக் குறிப்பை, சிகாமட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே நின்று ஓர் இளம் போலீஸ்காரி இரண்டு முறை படித்தார். தமிழ்ப் பெண். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அங்கிள், யாருக்குக் குடுத்தீங்க இந்த அஞ்சு துளி?”

என் மனைவிக்கு என்றேன். அது நிலைமையைச் சீராக்கவில்லை.

முந்தைய ஆண்டு வந்த காய்ச்சல் என் மனைவியின் மோப்பத்தைக் கொண்டுபோயிருந்தது. வாசலில் இருந்தபடியே தாளிப்பு கருகுவதைச் சொல்கிறவள், கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டாள். என் ரசத்தை அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் இரண்டு வேளை சில வாசனைகளை முகரச் சொன்னார் மருத்துவர். கடையில் வாங்கிய எண்ணெய்களை அவள் ஒதுக்கிவிட்டாள். தனக்குப் பழகிய பூவும் இலையும்தான் வேண்டும் என்றாள்.

ஆகவே பழைய குக்கரின் விசிலைக் கழற்றி, செம்புக் குழாய் பொருத்தி, ஐஸ் வாளி வழியாக ஆவியை இறக்கினேன். பாண்டான் இலை, செராய் என்கிற எலுமிச்சைப்புல், மல்லி, வாசல் மரத்துச் செண்பகம். புட்டிகளில் எண் மட்டுமே எழுதினேன். பெயர் தெரிந்தால் மூக்கு சொல்ல வேண்டியதை ஞாபகம் சொல்லிவிடும். பெயர்ப் பட்டியல் தனியாக என் சட்டைப் பையில் இருந்தது.

மூட்டையாக இலை உள்ளே போகிறது, சின்னச் சின்னப் புட்டிகள் ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. கெத்தும் இலையை அவித்துப் போதைக்குக் குடிப்பவர்களைப் பற்றித் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் மார்ச் 16, சனிக்கிழமை காலை 9.40க்கு ஒரு மலாய் இன்ஸ்பெக்டரும் இந்தப் பெண்ணும் வந்தார்கள்.

குடிக்க அல்ல, முகரத்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் மலாயில் விளக்கினேன். அப்படிச் செய்பவர்களும் உண்டு என்றார் அவர், அமைதியாக.

அப்போது என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள்.

“என்னங்க, அந்த லிஸ்ட்ட எடுத்து இந்தப் பிள்ளகிட்ட குடுங்க. எனக்குக் காட்டாதீங்க.”

பிறகு இன்ஸ்பெக்டரிடம், எந்தப் புட்டியை வேண்டுமானாலும் எடுங்கள் என்றாள். அவர் ஏழாம் புட்டியை எடுத்துப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தார். அதை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரை எந்தப் புட்டிக்கும் அவள் பதில் சொன்னதில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 9.52.

“செண்பகம்,” என்றாள்.

போலீஸ்காரியின் விரல் பட்டியலில் இறங்கியது. “அலமாக்! சரிதான் ஆண்டி,” என்று வியந்தார். இன்ஸ்பெக்டரும் புட்டியை முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். சந்தேகத்துக்குக் குக்கரையும் குப்பைத் தொட்டியையும் ஒருமுறை கிளறிவிட்டு, நான் ஆற்றிக் கொடுத்த தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசலில் அந்தப் பெண் திரும்பினார்.

“அங்கிள், நீங்க எழுதி வச்சிருக்கிறதப் பாத்தா யாரா இருந்தாலும் உள்ளதான் லா தூக்கி வைப்பாங்க.”

என் மனைவி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் 30, சனி, மதியம் 12.15: ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்று சொல்லி என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இது உறுதியான பதிவு; அதற்கப்புறம் நான் ரசம் வைத்ததில்லை.

16ஆம் தேதிப் பதிவுதான் சிக்கல். அந்த வாரம் நான் செண்பகம் பறித்ததையும், அதற்கடுத்து ஏழாம் புட்டி ஜன்னலுக்கு வந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். முகர்ந்துதான் சொன்னாயா, என்னைக் காப்பாற்றச் சொன்னாயா என்று பலமுறை கேட்டுவிட்டேன். “போலீசு நிக்கிறப்ப அதெல்லாமா பாப்பாங்க?” என்கிறாள். குறிப்பேட்டில் 9.52க்கு எதிரே பென்சிலால் எழுதியிருக்கிறேன்: சரிபார்க்கப்படவில்லை.