ஆயருக்காக ஒரு ஜெபக்குறிப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பொது ஜெபத்துக்கு சாமுவேல் அங்கிள் எழுந்தார். ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர், என்னைப் போலவே சபையின் மூப்பர்களில் ஒருவர். நாட்டுக்காக ஜெபித்தார். மழைக்காக ஜெபித்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆண்டவரே, எங்கள் ஆயரைக் கண்ணோக்கிப் பாரும். அவருடைய மன பாரத்தை நீக்கும். அவர் சோர்ந்துபோயிருக்கிற இந்த நேரத்தில் அவரைத் தாங்கும்...”

ஆயர் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சபை பாதிக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஜெபம் முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து அவரும் “ஆமென்” என்றார்.

நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்காக ஜெபம் பண்ணினால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருந்தது. அந்த ஜெபத்துக்கு ஊற்றுக்கண்ணே நான்தான்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்களுடையது பிரஸ்பிடேரியன் சபை. எங்களுக்கு பிஷப் கிடையாது. ஆயரும் மூப்பர்களும் சேர்ந்து சபையை நடத்துவோம். நடத்துவோம் என்றால்... மூப்பர்கள் பேசுவோம், ஆயர் செய்வார். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் அடக்க ஆராதனை, சாயங்காலம் ஒயிட்ஃபீல்டில் யாரோ வாங்கிய ஃப்ளாட்டுக்குப் பிரதிஷ்டை. டிராஃபிக்கில் மாட்டி அரை மணி லேட்டாகப் போனால், “என்ன பாஸ்டர், பிரியாணி ஆறிப்போச்சு” என்று வேறு கேட்போம். வாரம் முழுக்க ஊரார் துக்கத்தைச் சுமந்துவிட்டு ஞாயிறு காலை சிரித்த முகமாகப் பிரசங்கம் பண்ண வேண்டும். பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டினால் வாட்சைப் பார்ப்போம்.

இப்படியே போனால் ஆயர்கள் காய்ந்து சருகாகிவிடுவார்கள் என்று ஒரு வழியாக மேலிடத்துக்கு உறைத்தது. மேலிடம் என்றால் பிரஸ்பிட்டரி — பல சபைகள் சேர்ந்த எங்கள் நிர்வாகம். ஒரு திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஆயருக்கும் ஒரு துணை. வாரம் ஒரு முறை உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க ஒரு ஆள். கோச்சிங் என்றார்கள், மென்டாரிங் என்றார்கள். ஆயர்களுக்குப் புத்துயிர் என்றார்கள்.

எங்கள் ஆயருக்குத் துணை யார்? எல்லார் விரலும் என்னைத்தான் காட்டியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் மேனேஜர்களுக்கு கோச்சிங் கொடுப்பதுதானே என் பிழைப்பு! காலர் தானாக நிமிர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். என் மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நீங்களா? கேக்கிறதுக்கா? இந்த வீட்ல நான் சொன்னது ஒண்ணையாவது முழுசா கேட்டிருக்கீங்களா?”

துணைகளுக்கு ஒரு டிரெயினிங் வைத்தார்கள். நடத்தியவர் ரூத் மேடம். கவுன்சலிங்கில் பழுத்தவர். அதிகம் பேச மாட்டார்.

“ரெண்டே விஷயம்தான். அவரைப் பேச விடுங்க. அவர் பேசினது உங்களோட நிக்கட்டும்.”

இதைச் சொல்ல ஒரு டிரெயினிங்கா என்று நினைத்தேன். கம்பெனியில் இதையே எத்தனை ஸ்லைடில் போட்டிருப்பேன்! அந்த ஹாலில் அதிகமாகத் தலையாட்டியவன் நான்தான்.

எங்கே சந்திப்பது? ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு வேண்டாம், சர்ச் வேண்டாம் என்றார் ஆயர். அல்சூர் ஏரிப் பக்கம் வேண்டவே வேண்டாம் — வாக்கிங் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் சபை. கடைசியில் அவரே ஒரு இடம் சொன்னார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டி ஒரு பாய் டீக்கடை.

“அங்க நம்மாளுங்க யாரும் வர மாட்டாங்க, பிரதர்,” என்றார். ஒரு மனுஷன் பேசுவதற்கு இவ்வளவு தூரம் ஒளிந்து வர வேண்டியிருக்கிறதே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் சில செவ்வாய்க்கிழமைகள் சும்மா போயின. சர்ச் கூரை ஒழுகுவதைப் பேசினார். பாடகர் குழுச் சண்டையைப் பேசினார். நானும் டிரெயினிங்கில் சொன்னபடி “ம்... அப்புறம்?” என்று உட்கார்ந்திருந்தேன். அட்வைஸ் நாக்கு நுனிவரை வரும். டீயைக் குடித்து உள்ளே தள்ளுவேன்.

அப்புறம் ஒரு செவ்வாய். டீ வந்தது. அவர் தொடவே இல்லை. வெளியே பஸ் ஹாரன், கடைக்காரர் கூவல், ஒரே இரைச்சல். அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். இதை நான் வீட்ல கூட சொன்னதில்ல.”

கவனித்தீர்களா? பிரதர் போய் அண்ணா வந்துவிட்டது.

என்ன சொன்னார்? அதை எழுதப் போவதில்லை. பண விவகாரம் இல்லை, பெண் விவகாரம் இல்லை, பெரிய வியாதியும் இல்லை. வருஷக்கணக்காக எல்லாரையும் தாங்கித் தாங்கி அலுத்துப்போன ஒரு மனுஷன் சொல்லக்கூடியதைத்தான் சொன்னார். இதற்கு மேல் இல்லை.

உங்களுக்கு இப்போது லேசாக அரிக்கிறது, இல்லையா? அந்த அரிப்பைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தியில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லி முடித்ததும் அவர் முகமே வேறாகிவிட்டது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “ஔர் ஏக் பன், பாய்!” என்று இன்னொரு பன்னுக்குக் குரல் கொடுத்தார். கிளம்பும்போது, “இந்த வேலையை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்னு தோணுது, அண்ணா,” என்று சிரித்தார். பஸ்ஸில் ஏறிக் கை காட்டினார். திட்டம் வேலை செய்தது! நிஜமாகவே செய்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லாவிடம் மூச்சு விடவில்லை. அதில் எனக்கு ஒரே பெருமை. புதன்கிழமையும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபோனைத் திறந்தேன். எங்கள் சபையில் ஒரு ஜெப குரூப் உண்டு. மூப்பர் குடும்பங்களில் ஆரம்பித்து இப்போது கிட்டத்தட்ட எல்லாருமே இருக்கிறார்கள், ஆயரையும் பாஸ்டரம்மாவையும் தவிர. ஒருவருக்கு விசா வர வேண்டும். ஒருவருக்கு மூட்டு ஆபரேஷன். ஒரு பையனுக்கு அப்ரைசல். வரிசையாக ஜெபக்குறிப்புகள், கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

நான் டைப் அடித்தேன். “நம் ஆயர் ஒரு கடினமான காலத்தில் இருக்கிறார். மிகுந்த மன பாரம். விவரம் கேட்க வேண்டாம். ஊக்கமாக ஜெபிப்போம்.”

விவரம் கேட்க வேண்டாம்! என்ன ஒரு கண்ணியம் பாருங்கள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு யாரும் கிட்ட வராதீர்கள் என்றேன்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருக்காக உண்மையிலேயே மனசு அடித்துக்கொண்டது. ஆனால் உங்களிடம் மறைப்பானேன்? அந்த அக்கறைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஆயர் மனசு விட்டுப் பேசுவது என்னிடம்தான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். எழுதும்போதே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. பாரம் இறங்கின மாதிரி நிம்மதியாக இருந்தது.

விடிவதற்குள் சபை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஆயருக்கு சுகர் ஏறிவிட்டது என்றார்கள். இல்லை, டிரான்ஸ்ஃபர் கேட்டிருக்கிறார் என்றார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சரியில்லை என்று ஒரு அம்மா ஜெபக்கூட்டத்திலேயே கண்ணீர் விட்டார். ஐடி பிள்ளைகள் ஷிஃப்ட் போட்டு உபவாச ஜெபம் ஏற்பாடு பண்ணினார்கள். யாரோ ஆட்டுக்கால் சூப் வைத்து ஆயர் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். என் ஃபோன் ஓயவில்லை. “நீங்க சொல்ல வேணாம் பிரதர், ஹார்ட்டா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க!”

ஸ்டெல்லாவும் அந்த குரூப்பில் இருக்கிறாள். ஃபோனை என் முன்னால் வைத்தாள்.

“என்கிட்ட சொல்லல, சரி. அது ரகசியம். ஊருக்கே சொல்லிட்டு அதுக்கு ஜெபம்னு பேர் வெச்சிருக்கீங்களே, அது என்ன?”

அந்த ஞாயிறுதான் சாமுவேல் அங்கிள் எழுந்து ஜெபித்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆயர் வர மாட்டார் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவரோ எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

“பாஸ்டர், தப்பு பண்ணிட்டேன். பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க.”

“ஜெபம் பண்ணச் சொன்னது தப்பா, பிரதர்?” என்றார். கோபமே இல்லை. அண்ணா மட்டும் போயிருந்தது.

அப்புறம் அவரே சொன்னார். “நம்ம சபை அம்மா ஒருத்தங்க காய்கறிக் கடைல என் வொய்ஃபைப் பார்த்து, கவலப்படாதீங்க, பாஸ்டருக்காக நாங்க எல்லாரும் ஜெபம் பண்றோம்னு சொல்லியிருக்காங்க. என் வொய்ஃபுக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து கேட்டாங்க, பொண்டாட்டிகிட்ட சொல்லாததை சபைக்குச் சொன்னீங்களான்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, பிரதர்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பக்கத்து டேபிளில் யாரோ சிரித்தார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. கடைசியில், டிரெயினிங்கில் கற்ற கேள்வி ஒன்றுதான் வாயில் வந்தது.

“இப்ப எப்படி இருக்கீங்க, பாஸ்டர்?”

“கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்.”

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்று, வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துச் சொல்வாரே, அந்தப் பதில். அதே புன்னகை. அப்புறம் என் முழங்கால் வலியை விசாரித்தார். மகனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். எனக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். அந்த டேபிளில் அவர் மறுபடி ஆயராகிவிட்டார், நான் மறுபடி சபையாகிவிட்டேன்.

அன்றைக்கே ரூத் மேடத்துக்கு ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கத்தவில்லை.

“வேற ஆள் பார்க்கிறது கஷ்டமில்ல, சார். அவர் இனிமே யார்கிட்டயாவது வாயைத் திறப்பாரா? அதான் கேள்வி.”

வேறு ஊரிலிருந்து, ரிட்டயர் ஆன ஒரு ஆயரை ஏற்பாடு செய்தார்கள். ஃபோனில் பேசினால் போதும் என்றார்கள். எங்கள் ஆயர் நன்றி சொல்லிவிட்டு, “இப்போதைக்கு வேண்டாம்” என்றுவிட்டார்.

இது சர்ச் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஆபீசில் “அவன் பாவம்ப்பா, வெளிய சொல்லாத” என்று ஆரம்பித்து எத்தனை பேரின் கதையை லிஃப்டில் அவிழ்த்திருக்கிறோம்? சொந்தக்காரர் வீட்டில் “ஒரு அக்கறைல சொல்றேன்” என்று எத்தனை குடும்பத்தைப் பந்தியில் பரிமாறியிருக்கிறோம்? கெட்ட எண்ணத்தோடு சொன்னால் மனசாவது கொஞ்சம் தடுக்கும். நல்ல எண்ணத்தோடு சொல்லும்போது பிரேக்கே கிடையாது.

இந்தப் பத்தியை எழுதியதும் பத்திரிகைக்கு அனுப்பத் துணிச்சல் வரவில்லை. மறுபடியும் அதே வேலையைத்தானே செய்கிறேன், இந்த முறை அச்சில்? போன ஞாயிறு எல்லாரும் போன பிறகு ஆயர் அறைக்குப் போய் ஃபோனை நீட்டினேன்.

“படிச்சுப் பாருங்க, பாஸ்டர். வேணாம்னா அழிச்சிடறேன்.”

நின்றபடியே படித்தார். அங்கியைக்கூடக் கழற்றவில்லை. ரொம்ப நேரம் படித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அனுப்புங்க,” என்றார். “ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க.”

இன்னும் என்ன பாக்கி?

“டீக்கடைல நான் அதைச் சொன்னப்ப நீங்க அழுதீங்க. அதை எழுதலாம். அது உங்களுது.”

எழுதிவிட்டேன், பாஸ்டர். அழுதேன். ஒரு நாள் விட்டு மறுநாள் ஃபோனை எடுத்து அந்தக் குறிப்பை அடித்தவனும் அதே ஆள்தான்.