ஏழு ஒன்றுகளும் ஒரு பூஜ்யமும்

பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டும் அவரைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏழொன்று’ என்றால்தான் தெரியும். வீட்டுக் கதவில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் 1111111 என்று ஒரு தகட்டை மாட்டி வைத்திருந்தார். தபால்காரர் திட்டாத நாளில்லை.

“இது பகா எண் சார். ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது” என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வார். கல்யாணமான புதிதில், மழையால் கடை படுத்துக்கிடந்தபோது, அவரும் மனைவியும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தது. ஒரு எண்ணால் அவர் வகுப்பார், அடுத்ததால் அவள். ஆயிரத்தைத் தாண்டியும் எதிலும் சரியாக வகுபடவில்லை. மனிதருக்கு வாழ்க்கையில் பீற்றிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். சளைக்காமல் பீற்றிக்கொண்டார்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். அவள் கதவுக்கும் அதே எண்ணை வெட்டித் தர ஆசை. உளியை எடுத்தவர், தொழில் பழக்கத்தில் நிறுத்தினார். பித்தளையில் வெட்டினால் வெட்டியதுதான், ரப்பர் போட்டு அழிக்க முடியாது. வாடிக்கையாளரின் பெயரையே எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்ப்பவர், இதைச் சும்மா விடுவாரா? சாக்பீஸை எடுத்து மேசைமேலேயே வகுக்க ஆரம்பித்தார்.

239-இல் மீதி பூஜ்யம் வந்தது.

அழித்துவிட்டு மறுபடி போட்டார். பூஜ்யம். 239-ஐ 4649-ஆல் பெருக்கினார். ஏழு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன. இத்தனை வருடமும் ஊரெல்லாம் பொய்யா சொல்லித் திரிந்தோம்! கடையைப் பூட்டக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு, அது வகுபடுது! இருநூத்து முப்பத்தொம்பதால வகுபடுது!”

“தெரியும்” என்றாள் அவள்.

“தெரியுமா?” என்றார்.

“அது என் முறைதானே. எனக்குப் பூஜ்யம்தான் வந்துச்சு. மீதி அஞ்சுன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“அன்னிக்கு உங்கள விட்டுட்டு எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறதா இருந்தேன். பெட்டி கட்டிலுக்கு அடியில தயாரா இருந்துச்சு. நீங்க எங்கிட்ட வாயத் திறந்து பேசினதே இந்தக் கணக்குலதான். பூஜ்யம்னு சொன்னா அதுவும் முடிஞ்சிடும். சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க என் பென்சிலை வாங்கிச் சீவிக்கிட்டே, ‘அடுத்தத நான் பாக்கறேன், நீ கொஞ்சம் உக்காரு’ன்னீங்க.”

அவருக்கு அப்படி ஒரு பெட்டி இருந்ததே இன்றுதான் தெரிகிறது. இத்தனை வருடம் கழித்து, குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பழைய செருப்பு ஒன்று கிடந்தது.

“இப்ப பொண்ணுக்கு என்னத்த வெட்டுறது?” என்று குனிந்தபடியே கேட்டார்.

“அதையே வெட்டுங்க” என்றாள் மனைவி, அவருடைய சட்டையை உதறி மடித்தபடி. “ஆனா வகுபடும்னு முதல்லயே சொல்லிக் குடுங்க.”