ஆமாஞ்சாமிக்கு ஒரு தலைப்பு

வீட்டில் அவளுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். வைத்தது மாமா, அம்மாவின் தம்பி. ஆளைப் பார்த்ததும் பெயர் சூட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவாள். இந்தச் சட்டை பிடித்திருக்கிறதா? ஆமாம். அந்தச் சட்டை? அதுவும் ஆமாம். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று அப்பா கேட்டாலும் ஆமாம், மூடட்டுமா என்று அம்மா கேட்டாலும் ஆமாம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சிவிட்டுப் போவார்கள். மெச்சுகிறவர்களுக்கு என்ன, அவர்களா கூட இருந்து அவஸ்தைப்படுகிறார்கள்?

குடும்பத்துக்குத் தொழில் டிரைவிங் ஸ்கூல். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு போன், சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய படம், காத்திருப்பவர்களுக்கு நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு காரில் கற்றுக்கொடுப்பார்கள். மாமா பின்பக்கம் அந்த இரண்டு கார்களையும் மாற்றி மாற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பார். பழகுகிற காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அப்பாவின் கால் அதன்மேலேயே குடியிருந்து பழகிவிட்டது. "நல்லாதான் ஓட்டுறீங்க, பயப்படாதீங்க" என்று வாய் பாட்டுக்குச் சொல்லும், கால் பாட்டுக்கு மிதிக்கும். பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். டிவியில் கார் துரத்துகிற காட்சி வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பார்.

இதில் ஆமாஞ்சாமியின் வேலை போன் எடுப்பது. எட்டாம் வகுப்பு விடுமுறையில் அம்மா ஒரு நாள், "கொஞ்ச நேரம் போனைப் பாத்துக்கிறியா?" என்று கேட்டாள். பெண் தலையை ஆட்டினாள். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சீருடையோடு மேஜைக்குப் பின்னால் உட்கார வேண்டியது, கடைசி வண்டி வீடு திரும்பியதும் எழுந்திருக்க வேண்டியது. பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளே வாயைத் திறக்காதபோது அடுத்தவருக்கு எப்படித் தோன்றும்?

அந்த வேலையை அவள் செய்த லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். "ஆறு மணிக்கு வண்டி இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். ஆமாம் என்பாள். அடுத்த நிமிஷம் இன்னொருவர் அதே ஆறு மணியைக் கேட்பார். அவருக்கும் ஆமாம். ஆறு மணிக்கு இரண்டு பேரும் வந்து ஒரே காரின் முன்னால் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். அப்பா அசந்துபோகிற ஆளா என்ன? ஒருவரை ஓட்ட வைத்து, மற்றவரைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்வார். "பின்னாடி உக்காந்து பாக்கறதும் ஒரு பாடம்தாங்க" என்பார். பின்னால் உட்கார்ந்தவர் பயத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடவுளைக் கூப்பிடுவார். அப்பாவும் அம்மாவும் இதையே ஒரு பயிற்சி முறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள், பெருமை வேறு.

இப்படிப்பட்டவளைத்தான் தமிழ் டீச்சர் மேடையேறிப் பேசச் சொன்னார். வகுப்பில் எல்லாரும் கட்டாயம் பேச வேண்டும், அடுத்தவர் மனதை மாற்றுகிற பேச்சாக இருக்க வேண்டும், தலைப்பு அவரவர் விருப்பம். அரங்கத்தில் பெற்றோரும் உட்காரலாம்.

"பேசறதுக்கு முன்னாடி ஒருதரம் கை தூக்கச் சொல்லுவேன், பேசி முடிச்சதும் ஒருதரம் தூக்கச் சொல்லுவேன்" என்றார் டீச்சர். "ஒருத்தராவது மனசு மாறணும். மாறலேன்னா அது பேச்சு இல்ல, ஒப்பிக்கிறது. நல்லா யோசிச்சுத் தலைப்பைப் பிடிங்க."

ஆமாஞ்சாமி அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்கிறவள் யார் மனதைப் போய் மாற்றுவது?

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மேஜையில் வைத்துச் சொன்னதோடு விட்டார்களா, அதுவும் இல்லை. தனித்தனியாக வந்து பிடித்தார்கள். முதலில் அப்பா, கை கழுவுகிற இடத்தில்.

"மஞ்ச விளக்கு எரிஞ்சா நிக்கணும். அவ்ளோதான் தலைப்பு. ஒரு பய நிக்கறதில்ல. மஞ்சளைப் பாத்தா இன்னும் வேகமா ஓட்டறான். நீ பேசு, ஊரே திருந்தும். என்ன, பேசறியா?"

பெண் தலையை ஆட்டினாள்.

அம்மா துணி மடிக்கும்போது வந்தாள். "கியர் வண்டியிலதான் பழகணும்னு பேசு. கியரில்லாத வண்டியில கத்துக்கிட்டு வந்து, நானும் டிரைவர்னு சொல்லிக்குதுங்க. மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்லு பாப்போம்! பேசறியாடி?" அதற்கும் ஆட்டினாள்.

மாமா கையெல்லாம் கிரீஸோடு வந்து வாசலில் நின்றார். அவருக்கு ஹாரன் என்றாலே ஆகாது. வண்டியில் ஹாரனே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. "முன்னாடி போறவன் காதுல கத்தினா அவன் வண்டிக்கு ரெக்கையா முளைக்கும்? நான் ஒரு நல்ல ஹாரனைக் கழட்டிக் கொண்டாறேன், நீ மேடையில அடிச்சுக் காட்டு, மிரண்டுபோயிடுவாங்க. என்ன ஆமாஞ்சாமி?"

ஆமாம் என்றாள். வேறென்ன சொல்வாள்? மூன்று பேருக்கும் ஒரே ஆறு மணியைக் கொடுத்தாயிற்று.

இதற்கு நடுவில் பள்ளியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை வீட்டில் ஒரு ஈ காக்கைக்கும் அவள் சொல்லவில்லை. விளையாட்டு வகுப்பில் ஹேண்ட்பால் ஆடும்போது கோல்கீப்பராக இருந்த பெண்ணுக்குக் கால் பிசகிவிட, பி.டி. டீச்சர் கண்ணில் முதலில் பட்டவளைப் பிடித்துக் கோலில் நிறுத்தினார். பட்டவள் ஆமாஞ்சாமி. நிற்கிறாயா என்று கேட்டார், தலையை ஆட்டினாள், நின்றாள். அப்புறம் நடந்ததை அந்த டீச்சரே நம்பவில்லை. வீட்டில் எதையும் வேண்டாம் என்று தடுக்காத பெண், அங்கே வந்ததையெல்லாம் தடுத்தாள். கையால் தடுத்தாள், முழங்காலால் தடுத்தாள், ஒன்றை மூக்கால்கூடத் தடுத்தாள். மூக்கு வீங்கிப்போய் வீட்டுக்கு வந்து, கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். கண்ணாடியில் அந்த வீங்கிய மூக்கைப் பார்த்துப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம்.

"டீம்ல வந்துடு" என்றார் பி.டி. டீச்சர். "தினம் சாயங்காலம் பயிற்சி. வீட்ல கேட்டுட்டு வா."

வீட்டில் கேட்பதா! சாயங்காலம் என்றால் போன். போன் என்றால் அவள். கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள், தினமும் போய் போனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் பி.டி. டீச்சருக்கும் பொறுமை போயிற்று. பேச்சு நாளுக்கு முந்தின நாள் கூப்பிட்டு, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா வேற பொண்ணைப் போட்டுடுவேன், அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை குடும்பமே ஒரே காரில் கிளம்பியது. அம்மா ஓட்டினாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேவையில்லாத இடத்திலெல்லாம் மிதித்தார். மாமா பின்னால், மடியில் ஒரு பையோடு; பைக்குள் ஒரு சின்ன பேட்டரியில் மாட்டிய ஹாரன். அவருக்குப் பக்கத்தில் நம் பேச்சாளர், தலைப்பே இல்லாமல்.

"ஹாரனை மொதல்லயே அடிச்சிடாத" என்றார் மாமா. "நடுவுல அடி. அப்பதான் தூக்கிவாரிப் போடும்."

"மஞ்ச விளக்குக்கு ஹாரன் எதுக்குடா?" என்றார் அப்பா.

"எந்த மஞ்ச விளக்கு?" என்றாள் அம்மா. "அவ கியர் வண்டியைப் பத்தில்ல பேசறா?"

அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். மூன்று தலைகளும் பின் இருக்கையின் மூலைக்குத் திரும்பின. பெண் திருதிருவென்று விழித்தாள்.

"எங்க மூணு பேருக்குமா ஆமான்னே?" என்றாள் அம்மா.

"ஆமா."

"இப்ப எதைத்தான் பேசப்போற?"

"தெரியலை."

"எதை வேணா பேசும்மா" என்றார் அப்பா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. "நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம்." அதற்கப்புறம் பள்ளி வரும்வரை மூவரும் கோபித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

அரங்கத்தில் அவளுக்கு முன்னால் பேசிய பெண் மரம் வளர்க்க வேண்டும் என்று பேசினாள். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று பேசினாள், மேஜையைக்கூட ஒருதரம் தட்டினாள். டீச்சர் முன்னால் கை தூக்கச் சொன்னபோதே எல்லாரும் மரத்தின் பக்கம். பேசி முடித்த பின்னும் எல்லாரும் மரத்தின் பக்கம்.

"எல்லாரும் மொதல்லயே ஒத்துக்கிட்ட விஷயத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ கத்தின?" என்று டீச்சர் கேட்டார். அரங்கம் சிரித்தது.

ஆமாஞ்சாமி சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மஞ்சள் விளக்கா, நிற்க வேண்டியதுதான். கியரா, பழக வேண்டியதுதான். ஹாரன் தொல்லைதான். மூன்றுக்கும் ஒத்துக்கொண்டாயிற்று, அதில் பேச என்ன இருக்கிறது? இந்த அரங்கத்தில் அவள் மனம் மாற்றியாக வேண்டிய ஆட்கள் மூன்றாவது வரிசையில் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் அவள் ஒன்றையும் இதுவரை கேட்டதே இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள்.

"அனைவருக்கும் வணக்கம். என் தலைப்பு..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். அவள் நின்றதும் மூன்றாவது வரிசையில் அப்பாவின் கால் தன்னையறியாமல் மிதிக்க, முன் நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என் தலைப்பு, நான் இனிமேல் சாயங்காலத்தில் போன் எடுக்கக் கூடாது."

டீச்சரின் புருவம் மேலே போனது. ஆனால் விதி விதிதானே. "சரி, இவங்க போன் எடுக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அரங்கத்தில் யாருக்கு என்ன புரிந்தது? மூன்றே மூன்று கைகள் எழுந்தன. மூன்றும் எங்கிருந்து என்று சொல்லவும் வேண்டுமா?

"எங்களுக்கு டிரைவிங் ஸ்கூல்" என்று தொடங்கினாள். மேடைத் தமிழ் அந்த ஒரு வரியோடு ஓடிப்போயிற்று. "போன்ல யார் எந்த நேரத்தைக் கேட்டாலும் நான் ஆமான்னுடுவேன். போன வாரம்கூட ஒரே வண்டிக்கு ரெண்டு பேரை வரச் சொல்லிட்டேன். ஒருத்தரைப் பின்னாடி உக்கார வெச்சாங்க. அவர் இறங்கினதும் வாசப்படியிலயே உக்காந்துட்டார், எழுந்திருக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரலை." சிரிப்பு. "எனக்கு இல்லன்னு சொல்ல வராது. இல்லன்னு சொல்லத் தெரியாத ஆளைக் கொண்டுபோய் போன் பக்கத்துல உக்கார வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க. வைக்கிறது யார் தப்பு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"இது ஒரு காரணம்தான். நிஜக் காரணம் வேற." குரல் இறங்கிப்போயிற்று. "எனக்கு அந்த நேரம் வேணும். ஹேண்ட்பால் ஆடணும். கோல்ல நிக்கும்போது எல்லாரும் என்னை நோக்கி அடிக்கறாங்க, நான் ஒன்னையும் உள்ள விடறதில்ல. அங்க நான் வேற மாதிரி இருக்கேன். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரேன்னு சொல்லலேன்னா வேற ஒருத்தியைப் போட்டுடுவாங்க. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னது பொய். அது பந்து." கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவ்ளோதான். நன்றி."

கைதட்டல் ஓய்ந்ததும், மனம் மாறியவர்கள் கை தூக்கலாம் என்றார் டீச்சர். அம்மாவின் கை உடனே எழுந்தது, மற்றொரு கை முந்தானையைத் தேடி மூக்கைத் துடைத்தது. மாமா பையைப் பிடித்திருந்த கையையே அவசரமாகத் தூக்க, உள்ளேயிருந்த ஹாரன் அரங்கம் அதிர அலறியது. நாலு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

அப்பாவின் கை எழவில்லை. அப்பாவேதான் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டீச்சர், ஒன்னு கேக்கலாமா?"

"அவங்களையே கேளுங்க."

"ஏம்மா, இதை வீட்டுலயே என்கிட்ட கேட்டிருக்கலாமே. இதுக்கு மேடையா? கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே."

அரங்கம் முழுக்க அவளைப் பார்த்தது. அப்பா சொன்னதில் கோபம் இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். தலையை ஆட்டிவிட்டால் தீர்ந்தது, அப்பாவும் நல்லவர், மகளும் நல்லவள், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அவள் கழுத்து ஆட்டத் தயாராகவே இருந்தது. கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா" என்றாள். "சொல்லியிருக்க மாட்டீங்க."

அப்பா நின்றார். தன் மகள் தன்னிடம் கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று அந்த மனுஷன் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு கையைத் தூக்கினார்.