ஐந்தாவது செல்

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். லீவில் வரும்போதெல்லாம் கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் சிமெண்டுக் களத்திலிருந்து நாங்கள் ரிமோட் விமானம் விடுவோம். பெட்ரோல் இன்ஜின் வைத்த பெரிய விமானம் அது. ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் ரிசீவருக்கும், வாலையும் இறக்கையையும் அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்களுக்கும் தனி பேட்டரி. அது செத்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விமானம் நம் கையில் இருக்காது.

போன லீவின் கடைசி வாரம், ஒரு திருப்பத்தில் விமானம் கண்ணிமைக்கும் நேரம் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு கேட்டது. "காத்துதான்" என்றார். பக்கத்து வயலில் பெண்கள் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். உடனே இறக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார முடியவில்லை. விமானத்தை மேசையில் வைத்து, அவரை ரிமோட்டின் குச்சிகளை எல்லாப் பக்கமும் ஆட்டச் சொன்னேன். இறக்கையின் அசையும் பலகையை விரலால் அழுத்திப் பிடித்தேன். ரிசீவரின் விளக்கு அணைந்தது. மறுபடி எரிய இரண்டு மூச்சு நேரம் ஆனது.

"பாத்தீங்களா? சும்மா இருக்கும்போது மீட்டர்ல வோல்ட் சரியா காட்டுது. எல்லா சர்வோவும் சேந்து இழுத்தா பேட்டரி படுத்துடுது."

அவர் முகம் சுருங்கியது. "தஞ்சாவூர்ல ரெண்டு செல் லித்தியம் பேட்டரி கிடைக்குது. வெயிட்டும் கம்மி. அதைப் போட்டுடுவோம்."

"ஃபுல் சார்ஜ்ல எட்டு வோல்ட்டுக்கு மேல போகும்ங்க. நம்ம சர்வோவுக்கு ஆறுதான். கருகிடும்."

"நடுவுல வோல்ட்டைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர்?"

"அதுவும் போச்சுன்னா? கெட்டுப்போறதுக்கு இன்னொண்ணு எதுக்கு?"

இப்போது இருக்கும் நாலு செல்லுக்குப் பதில் கொஞ்சம் பெரிய நிக்கல் செல்லாக ஐந்து போடலாம் என்றேன். ஆறு வோல்ட், இழுத்தாலும் தாங்கும்.

"மூக்கு கனத்துடுமேடி!"

"பேலன்ஸுக்கு முன்னாடி ஈயம் ஒட்டியிருக்கோம்ல? அதைப் பிச்சு எடுத்துடுவோம்."

சிரித்துவிட்டார். மறுநாள் தஞ்சாவூர் போய் வாங்கி வந்தோம். புது பேட்டரி மெதுவாக சார்ஜ் ஏற, அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கினார். நான் சமையலுக்கு நடுவே ஓடிப்போய் அது சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவர் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், உளுந்து பிடுங்கியவர்கள் வீடு திரும்பும்வரை காத்திருந்தோம். "நீயே ஓட்டு" என்று ரிமோட்டைக் கொடுத்தார். ஏற்றினேன், வளைத்தேன், ஒரு முழு உருளலும் உருட்டினேன். ஒவ்வொன்றுக்கும் உடனே பணிந்தது. ஆனாலும் என் கால்கள் களத்தில் அங்குமிங்கும் நடந்தபடியே இருந்தன. சீக்கிரமே இறக்கிவிட்டேன்.

"இன்னும் பெட்ரோல் இருக்கே!"

"போதுங்க."

அவர் போனபின் தனியாகவே விடுகிறேன். ஒவ்வொரு முறையும் குச்சிகளை ஆட்டி, அழுத்திப் பிடித்து அளந்து பார்த்துவிட்டுத்தான். இதுவரை விளக்கு அணைந்ததில்லை. எனக்குத்தான் இன்னும் ஓரிடத்தில் நிற்க வரவில்லை.