சடங்குக்கு முன் மாவுக்கட்டு

செஞ்சியில் எலும்பு டாக்டராக உட்கார்ந்தால் விசேஷ அழைப்புகளுக்குக் குறைவிருக்காது. நான் கட்டுப் போட்ட கால்கள் மணமேடை ஏறும்போது எனக்கும் ஓர் இலை உண்டு. வல்லத்திலிருந்து, நான் கட்டுப் போட்டிருந்த ஒரு சிறுமியின் அம்மா பழத்தட்டோடு வந்தபோதும் சாப்பாட்டு நினைப்பில்தான் நிமிர்ந்தேன்.

"பாப்பா வயசுக்கு வந்துட்டா மேடம். ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறோம். கண்டிப்பா வரணும்."

எனக்குத் திக்கென்றது. டிராக்டரிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த பெண் அவள். எலும்பைப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டிருந்தேன். உள்ளே லேசான வளைவு இருந்தது. சின்னப் பிள்ளைதானே, வளர வளரத் தானாக நேராகிவிடும் என்று விட்டிருந்தேன். ஆனால் வயதுக்கு வந்த பெண்கள் அதன்பின் அதிகம் வளர்வதில்லை. வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க. எலும்பு இறுகறதுக்குள்ள நேராக்கணும். கட்டுல தண்ணியும் படக்கூடாது."

அவர் முகம் வாடிவிட்டது. "தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்ட வுடமாட்டாங்க மேடம். எங்க மாமியார் வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"கால் கோணிப்போனா அவங்களா நடக்கப்போறாங்க?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மறுநாள் காலை ஆட்டோவில் வந்துவிட்டார்கள். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் மகளைத் தூக்கி வந்தார். வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது என்று புரிந்தது. கட்டைச் சுற்றி அறுத்து, ஒரு பக்கம் மட்டும் அறுக்காமல் விட்டு, பிளவில் சின்ன மரத்துண்டைச் செருகிக் காலை நிமிர்த்தினேன். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு என் கோட்டைப் பிடித்திருந்தாள். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நேராக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வேலை எனக்கு நன்றாக வரும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

கட்டைப் பிரித்து அவள் நன்றாக நடக்கும்வரை சடங்கைத் தள்ளிவைத்தார்கள். நானும் போயிருந்தேன். பட்டுச்சேலை கட்டி, யார் கையையும் பிடிக்காமல் அவளே நடந்து வந்து மணையில் நின்றாள்.

"தீட்டோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்களே" என்று அவளுடைய அத்தை ஆரம்பித்தார்.

அந்த அம்மா மணையருகே வந்தார். மகளின் காலடியில் உட்கார்ந்து, சேலைக் கரையை முழங்கால் வரை தூக்கினார்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இன்னா, கோணலாவா இருக்குது?"

அத்தை குனிந்து பார்த்தார். பிறகு ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.